வெள்ளகெவிச் சொந்தங்களுக்கு

வணக்கம். அந்தச் சனிக்கிழமை ராத்திரியைத் திரும்ப எழுதப்போவதில்லை. மலையில் கால் உடைந்த எங்கள் ஆளை டோலி கட்டித் தூக்கிய உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கால் தேறி வருகிறது. மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம்.

மூங்கில் வெட்டியவர்கள், அடிவாரத்துக் கும்பக்கரை வரை தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கியவர்கள், முன்னால் டார்ச் பிடித்த பையன்கள், அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம் கட்டித் தந்து, வரக்காப்பியும் போட்டுக் கொடுத்த அக்காமார், எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. இனி அந்த ஷூ விஷயம்.

டோலிக்குப் பின்னால் நடந்து இறங்க வேண்டிய எங்கள் ஆள் ஒருவருடைய வலது ஷூ, அடி கழன்று வாயைப் பிளந்திருந்தது. நாலு வருஷம் அலமாரியில் கிடந்தது. மேலே பார்க்கப் புதுசு. அடிப்பாகத்தில் இருக்கிற பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் நுரை, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் இற்றுவிடும். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, இறக்கத்தில் விரல்கள் முன்னால் முட்டத் தொடங்கியதும் முனை பிரியும். பசை வைத்திருந்தோம், பிரயோசனமில்லை. ரஸ்க் மாதிரி உதிர்கிறதில் எதை ஒட்ட?

மட்டக்குதிரைக்கார அண்ணன்தான் வாங்கிப் பார்த்தார். ஊருக்குள் செருப்பு நுழையக்கூடாது என்பதால் எல்லையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார், வெறுங்காலோடு. காப்பி மூட்டை தைக்கிற கோணி ஊசி, நைலான் நூல். உதிர்ந்த நுரையில் குத்தவே இல்லை. விளிம்பு ரப்பரையும் மேல்தோலையும் சேர்த்து முனையில் ஆறு தையல், நூலை இரட்டையாக. பிறகு பாதக்குழிவில், தரை படாத இடமாகப் பார்த்து, கயிற்றைக் குறுக்கே கொண்டுபோய் லேஸ் ஓட்டையில் மாட்டினார். முடிச்சு மேலேதான், அடியில் போட்டால் பாறையில் தேய்ந்து அறுந்துவிடுமாம். கடைசியாக, பாரம் கட்டுகிற பழைய டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு வளையம் வெட்டி மாட்டிவிட்டார். ஈரப்பாறையில் பிடித்தது அந்த வளையம்தான்.

"நைலான் நனைஞ்சா இளகும். நூறடி நடந்துட்டு ஒருக்கா இறுக்கிக்கங்க. விரல் பக்கம் இறுக்காதீங்க, இறக்கத்துல வீங்கும்." அவ்வளவுதான் பேசினார். மொத்தமே இருபது நிமிஷம் இருக்கும். பணத்தை நீட்டியதும் முகம் மாறியது. நீட்டியிருக்கக் கூடாது.

கும்பக்கரையில் தார் ரோடு வந்தபிறகும் ஒரு தையல்கூட விடவில்லை. ஷூவை எறிய மனசில்லை. மண்ணோடு வாசலில் இருக்கிறது.

இனி மலை ஏறுவதற்கு முந்தின வாரமே ஷூவின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்ப்போம். அதைப் போட்டு இரண்டு நாள் ஊருக்குள் நடந்தும் பார்ப்போம். பையில் கோணி ஊசியும் ஐந்து மீட்டர் நூலும் இருக்கும்.

அண்ணே, உங்கள் ஊசி எங்கள் பையோடு வந்துவிட்டது. நூலோடு அப்படியே இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கிற சமயம் கொண்டுவந்து தருகிறோம்.