எண்ணிக்கை கூடினால் ஆபத்து நீங்கிவிட்டதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வால்பாறைச் சோலைமந்திகளைப் பற்றி, அதாவது சிங்கவால் குரங்குகளைப் பற்றி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குள் புகுந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகின்றன என்று எழுதியிருந்தது உண்மைதான், இங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் புதுத்தோட்டத்தில் நூறுக்கும் மேல் பெருகிவிட்டன, இனி இந்த இனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முடித்திருந்தீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

புதுத்தோட்டம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராத காட்டுத் துண்டு. சுற்றிலும் எஸ்டேட், பக்கத்திலேயே டவுன். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு, காட்டில் மொத்தமே 4,000-க்குள்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. ஒரு துண்டில் கூட்டம் பெருத்ததை வைத்து மொத்த இனத்துக்கும் தீர்ப்புச் சொல்லலாமா?

1970-களில் களக்காடு மலைப்பக்கம் ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்களும், அதற்கப்புறம் ஆனைமலையில் ஆய்வாளர் அஜித் குமாரும் மழையிலும் அட்டைக்கடியிலும் இந்தக் கூட்டங்களின் பின்னாலேயே அலைந்திருக்கிறார்கள். என்ன தின்கிறது, எந்த மரத்தில், எவ்வளவு நேரம், யாரோடு சேர்ந்து என்று குறித்து வைத்தார்கள். பெரிய காட்டில் அது மரஉச்சியிலேயே வாழ்கிறது, பழமும் பூச்சியும்தான் முக்கியச் சாப்பாடு, வெடிப்பலா என்ற காட்டு மரம் இருந்தால் அதன் பூவையும் விடாது விதையையும் விடாது, தரைக்கு வருவது அபூர்வம் என்பதெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். இன்று புதுத்தோட்டத்தில் அதே குரங்கு தரையில் நடக்கிறது, காபிப் பழம் தின்கிறது, குப்பையைக் கிளறுகிறது. பழைய குறிப்பேடுகள் இல்லாவிட்டால் 'இதன் குணமே இதுதான்' என்று நாமும் நம்பியிருப்போம்.

இன்னொன்று, இந்த இனத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும், வளர்ந்த ஆண்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். நாலாபுறமும் தேயிலையும் சாலையுமாக இருந்தால் அது எந்த வழியாகப் போகும், புதுரத்தம் எப்படி உள்ளே வரும்? போதாக்குறைக்கு ஒரு பெண் முதல் குட்டி போடவே ஆறு வயதுக்கு மேல் ஆகிறது, அடுத்த குட்டிக்கு இரண்டரை வருடம் போல ஆகும், அதனால் சாலையில் ஒரு தாய் வண்டியில் அடிபட்டால் அந்த இழப்பு சீக்கிரம் ஈடாகாது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியது நல்ல வேலை. ஆனால் எந்த இடத்தில் கட்டுவது என்பதும், கூட்டம் எங்கே கடக்கிறது என்று தினமும் பார்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் உள்ளூர்ப் பையன்களும் உண்டு, காடர் பழங்குடியினரும் உண்டு. உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்திச் சிப்ஸ் போடுவதைப் பற்றியும் ஒன்றுமில்லை. குரங்கு வீடு தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்தானே சார்.

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படம் சோலைமந்தியே இல்லை. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் கிடையாது, வால் நுனியில் குஞ்சமும் கிடையாது. அது இலை தின்னும் கருமந்தி, லேகியத்துக்காக ஒருகாலத்தில் வேட்டையாடித் தீர்த்தார்களே, அது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வால்பாறை