மூன்றாவது பற்றரி வாங்காதே, தம்பி

ஸ்காபரோ, கனடா,
மாசி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் மார்கழியிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது என் பிழைதான். தொலைபேசியில் "எல்லாரும் சுகம்" என்று சொல்லிவிட்டு வைப்பதெல்லாம் கதைத்த கணக்கில் வராது என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மா சொன்னது சரி. இன்றைக்கு ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் வான் அலுவல். ஒரு வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றிவிட்டாய், இப்போது மூன்றாவதற்குக் காசு சேர்க்கிறாயாம். வேண்டாம் தம்பி, பொறு. பற்றரியைச் சாகடிக்கிறது எது என்று பார்க்காமல் புதிதாக எத்தனை வாங்கினாலும் அதுவும் சாகும்.

தை மாதம் எனக்கும் இதே கரைச்சல் வந்தது. விடிய ஐந்து மணி, வெளியே −21 பாகை. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தான் லொறியோடு மேற்குப் பக்கம் போய் ஒன்பது நாள். கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகிற அளவு பெரிய வேலையாக எனக்குப் படவில்லை, அதனால் நானே பார்த்தேன்.

கீழ்வீட்டு ஐயாதான் கரண்ட் அளக்கிற மீற்றர் தந்தார். நியூபவுண்லாந்துத் தீவுக்காரர். 1992இல் அங்கே கொட் மீன் பிடிக்கத் தடை வந்த பிறகு இங்கே வந்தவர். குளிர் தொடங்கினால் ஒவ்வொரு இரவும் தன் காரின் பற்றரியைக் கழற்றி, கம்பளியால் சுற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. −18 பாகையில் பற்றரிக்குப் பாதிப் பலம்தான் மிஞ்சும், சார்ஜ் இறங்கிய பற்றரி உறைந்து வெடிக்கவும் கூடும் என்று அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் என்ன மீன் என்று கேட்டார். பாரை, சூடை, அறக்குளா என்று நான் சொல்லச் சொல்ல, அதே மாதிரி திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

என் பற்றரி 12.5 வோல்ற் காட்டியது. அது நல்ல பற்றரி. அப்புறம் மீற்றரின் ஒரு வயரைப் பற்றரியின் மைனஸிலும், மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஐயாவைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. எனக்கு 4 வோல்ற்! பற்றரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகிற எர்த் வயர் உள்ளுக்குள்ளேயே பச்சைத் தூளாகிவிட்டிருந்தது. இங்கே பனி உருக வீதியெல்லாம் உப்புப் போடுவார்கள், அது செய்த வேலை. திருக்கடலூரில் அப்பாவின் மொரிஸ் மைனரைக் கடற்காற்றின் உப்புத் தின்றதே, அதே உப்புத்தான். புது வயர் ஒன்று போட்டேன், கார் ஓடுகிறது.

உன்னுடையது வேறு. இரவில் எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் எஞ்சின் ஓடும்போது பற்றரியை அளந்து பார். 13.8 முதல் 14.5 வோல்ற் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12தான் காட்டினால், சார்ஜ் ஏற்றுகிற அல்ரனேற்றரைப் பார்க்கவேண்டும். அது சரியென்றால், எல்லாவற்றையும் நிறுத்தி, கதவு லைற்றும் அணைந்ததா என்று பார்த்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்று. மீற்றரை 10 அம்பியருக்கு மாற்று, சிவப்பு வயரையும் அந்த ஓட்டையில்தான் குத்தவேண்டும். கழற்றிய வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரைப் பிடித்து அரை மணித்தியாலம் விட்டுப் பார். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. கூட இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ, கள்ளன் அந்தப் பக்கம். மீற்றர் பூட்டியிருக்கும்போது ஸ்ரார்ட் மட்டும் பண்ணிவிடாதே, மீற்றர் போய்விடும்.

சின்னமாமாவின் மகன் பூட்டித் தந்த பாட்டு செற்றில்தான் எனக்குச் சந்தேகம். பற்றரியிலிருந்து நேரே வயர் எடுத்திருந்தால் பியூஸ் பெட்டியில் அகப்படாது, அந்த வயரைத் தனியாகக் கழற்றிப் பார். ஒரு அம்பியர் ஒழுகினாலே பத்து மணித்தியாலத்தில் 10 அம்பியர் மணி போய்விடும். இரண்டு மூன்று நாள் ஹயர் இல்லாமல் நின்றால் 60 அம்பியர் மணிப் பற்றரியும் படுத்துவிடும். பியூஸ் எரிந்தால் சிகரெட் பேப்பர் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், வான் எரிந்துவிடும். ரேர்மினலில் பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவிக் காயவிட்டு வஸலின் பூசு.

அந்த வஸலின் மணம், தம்பி. காருக்குக் கீழே படுத்துக் கிடந்தபோது அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. அவர் வேலை செய்ய, ரோர்ச் பிடிக்கிறது என் வேலை. நீ அப்போது தவழ்கிற பிள்ளை. விரல் விறைத்துப்போய் நட்டைத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, கன்னியாவில் ஏழு சுடுநீர்க் கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் இன்னும் வீதியில் படுக்கிறதா? வெள்ளிக்கிழமை கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்த்து நாலு வருடமாகிறது. கிண்ணியாத் தயிர் என்று சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்? சரி, விடு.

பங்குனியில் அப்பாவின் திவசத்துக்கு நான் வர முடியாது. அம்மாவிடம் நீயே மெதுவாகச் சொல்லு. ஐயரிடம் இப்போதே நாள் கேட்டு வை. பெரியம்மாவைக் கட்டாயம் கூப்பிடு, போன வருடக் கோபத்தை மனதில் வைக்காதே. நிலாவெளிக் காணியை விற்கிற கதையை நான் வரும்வரை எடுக்கவேண்டாம். வேலியை மட்டும் அடைத்துவிடு. அம்மாவின் கண்ணை மாசி முடிய முன்னம் காட்டு. இந்த மாதக் காசு இருபதாம் திகதிக்குப் பிறகுதான் வரும், யோசிக்கவேண்டாம்.

மீற்றர் என்ன காட்டியது என்று இலக்கத்தோடு எழுது. எந்தப் பியூஸ் என்பதையும் எழுது.

அன்புடன்,
அக்கா