அரையாண்டுச் செய்திகளும் வால்பாறைப் பயணமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் எல்லார் வீட்டிலும் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். வழக்கம்போல முதலில் பள்ளிச் செய்திகள். அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளிலும் தேர்ச்சி திருப்திகரம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடரும். குறுவட்டப் போட்டிகளில் கபடியிலும் எறிபந்திலும் நம் மாணவிகள் பரிசு பெற்றார்கள். அறிவியல் கண்காட்சி, ஓவியப் போட்டி, குடியரசு தின விழா எல்லாம் சிறப்பாக நடந்தன. பரிசு பெற்ற அனைவருக்கும் பாராட்டுகள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. குடிநீர் இயந்திரமும் சரிசெய்தாயிற்று.

சரி, இப்போது வால்பாறை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து 46 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், துணைக்கு ஐந்து பெற்றோர் போனோம். இரவு காட்பாடியில் ஏறி, விடிகிற நேரத்துக்குப் பொள்ளாச்சி. ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவிலேயே பாதிப் பஸ் வாந்தி. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தியபோது பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. நம் மாநில விலங்கைப் பிள்ளைகள் முதன்முதலில் பார்த்தது வாய் கொப்பளித்துக்கொண்டேதான்.

நான் விலங்கியல் படித்தவள். இருபத்தாறு வருடமாக மழைக்காடு பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் நான்கு கோடு கிழித்து, இது உச்சி அடுக்கு, இது விதான அடுக்கு, இது கீழடுக்கு, இது தரை என்று சொல்லி, படம் வரையச் சொல்லி, ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மழைக்காட்டுக்குள் கால் வைத்தது இப்போதுதான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குக் காடு என்றால் அமிர்தி, ஜவ்வாது மலை, ஏலகிரி. கோடையில் இலை உதிர்த்துவிட்டு வெயிலைத் தரைவரை விடுகிற காடு. அதுவும் காடுதான், அதன் அழகு வேறு. வால்பாறையில், வனத்துறை அனுமதித்த பாதையில் காலை பத்து மணிக்கு நுழைந்தோம். வெளியே பளீரென்று வெயில். இருபது அடி நடந்ததும் சாயங்காலம் ஆறு மணி மாதிரி ஆகிவிட்டது. மேலே இலைகள் கூரை போட்டுவிடுவதால் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக எழும்பிய வேர்களுக்கு இடையில் மூன்று பையன்கள் ஒளிந்துகொண்டு, வருகைப் பதிவு எடுத்த ஆசிரியையைப் பயமுறுத்தினார்கள்.

இவ்வளவு பெரிய மரங்கள் நிற்கிறதே, மண் நல்ல வளமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. பெய்கிற மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். விழுந்த இலையைப் பூஞ்சையும் கறையானும் பூச்சிகளும் சீக்கிரமே மட்கவைக்க, மேலாகப் படர்ந்த வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆக, அந்தக் காட்டின் சொத்து மண்ணுக்குள் இல்லை. மரத்திலும் மரத்தடிச் சருகிலும் இருக்கிறது. மரம் போனால் சொத்தும் போயிற்று. (நம் பள்ளி வேப்பமரத்துச் சருகைச் சனிக்கிழமைதோறும் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் குழி வெட்டியாயிற்று. புகை வருகிறது என்று புகார் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதோடு நிம்மதி.)

எங்களோடு வந்தவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். அதிகம் பேசாத மனிதர். ஓரிடத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். தரையெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் பூக்கள். பாதி கடித்த பூக்கள். வெடிப்பலா என்றார். பலாவைப் போல முள்ளுமுள்ளாகக் காய்க்கும், ஆனால் பலா இல்லை. அண்ணாந்து பார்த்தால் எண்பது அடிக்கு மேலே கிளையோடு ஒட்டிப் பூத்திருக்கிறது. அங்கே கறுப்பாக ஏதோ நகர்ந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். சிங்கவால் குரங்கு. பூவைப் பறிக்கிறது, அடியைக் கடித்துத் தேனை உறிஞ்சுகிறது, மிச்சத்தை எங்கள் தலையில் போடுகிறது. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு முழுதாகப் பதினொரு நிமிடம் பேசாமல் நின்றது. அவர்களுடைய வகுப்பாசிரியை கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது.

அப்புறம்தான் அந்தச் சத்தம். தூரத்திலிருந்து புஸ், புஸ் என்று நெருங்கி வந்தது. “மிஸ், டிரெயின் வருது” என்றாள் ஒருத்தி. ஜங்ஷன் பக்கத்துப் பெண். வந்தது பெரிய இருவாச்சி. ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையாத பறவை. இறக்கை அடிக்கிற சத்தம்தான் அது. கூடு கட்டும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். ஆண் வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். தின்ற பழத்தின் விதைகளைத் தூரமான இடங்களில் போடும். அந்தக் காட்டில் பல மரங்களுக்கு விதைப்பவர் என்று ஒருவர் உண்டென்றால் அது இருவாச்சிதான். குரங்குகளும் அப்படியே. கன்னப் பையில் பழத்தை அடக்கிக்கொண்டு போய், வேறொரு மரத்தில் உட்கார்ந்து விதையைத் துப்பும்.

இவ்வளவையும் எழுதியது, இனி சொல்லப்போவது ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அன்று மதியம் புதுத்தோட்டம் பக்கத்தில் பஸ் நின்றது. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டாக நிற்கிற காட்டில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன என்பதால் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் பஸ்ஸிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட் ஜன்னல் வழியாக நீண்டது. ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியோடு, பாலத்தை விட்டுவிட்டுத் தாருக்கு இறங்கி வந்தது. பாக்கெட்டை வாங்கி, உள்ளே கைவிட்டுத் தின்றது. காலியானதும் பாக்கெட்டையே உட்புறம் வெளியாகத் திருப்பி நக்கியது. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. அது நகரவில்லை.

இருபத்தேழு விநாடி வீடியோ. அன்றிரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நாற்பதுக்கு மேல் சிரிப்பும் இதயமும் கும்பிடும் விழுந்திருந்தன. “அம்மாவுக்குப் பசி, பாவம்” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மனம் இரங்கிச் செய்தது என்று எனக்குத் தெரியும். குரங்குக்குக் கொடுத்தால் ஆஞ்சநேயருக்குக் கொடுத்த மாதிரி என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். என் அம்மா சோளிங்கர் போனால் குரங்குக்கென்று தனியாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவார். ஆனால் சோளிங்கர் படி ஏறியவர்களுக்கு மிச்சக் கதையும் தெரியுமே! ஆயிரத்து முந்நூறு படியிலும் கையில் குச்சி இல்லாமல் போக முடிகிறதா? அர்ச்சனைத் தட்டு, கைப்பை, மூக்குக் கண்ணாடி எது மிஞ்சுகிறது? அந்தக் குரங்குகள் பிறவியிலேயே திருடர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது அது.

அதுவாவது நாட்டுக் குரங்கு, ஊருக்கு ஊர் இருக்கிறது. சிங்கவால் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. காட்டில் இருப்பவை எல்லாம் சேர்த்தும் நாலாயிரத்துக்குள்தான். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, அதுவும் வருடங்கள் இடைவெளி விட்டு. சாலையோரம் சிப்ஸ் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் மரத்தை விட்டு இறங்கும், வண்டியில் அடிபடும், வீட்டு ஓட்டைப் பிரிக்கும், நம்மிடமிருந்து நோயும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காவலர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரிதான் சொன்னார்: “நாம சாப்பாடு போட்டா, அது காட்டுக்கு வேலை செய்யாதும்மா.” எனக்கு இருபத்தாறு வருடப் பாடம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“அங்கே ஏதோ ஒரு குரங்கு, நமக்கென்ன” என்று போன வாரக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வால்பாறையில் பெய்கிற மழை பாலாற்றுக்கு வரப்போவதில்லை. நம் பாலாறு நந்தி மலைப் பக்கத்துப் பிள்ளை. ஆனால் அந்தக் காடு பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிற தண்ணீர்தான் சோலையாறும் ஆழியாறுமாகி, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் பொள்ளாச்சித் தென்னைகளுக்குப் போகிறது. ஏப்ரல் மாதம் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் வண்டியை ஓரங்கட்டிப் ‘பொள்ளாச்சி இளநீரா’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து கிளம்பியது என்று அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். உலகத்தின் தரைப்பரப்பில் மழைக்காடு ஆறேழு சதவீதம்தான் இருக்கும், ஆனால் தரையில் வாழும் உயிர்வகைகளில் பாதிக்கு மேல் அதில்தான் என்றும் சொன்னேன். இளநீர்தான் அதிகம் எடுபட்டது.

இன்னொன்று. திரும்பியபின் பைகளைப் பார்த்தபோது வேரோடு பிடுங்கிய மூன்று ஆர்க்கிட் செடிகள், வெடிப்பலாக் காய்கள், தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு மரவட்டை. மரவட்டை செத்துப்போயிருந்தது. எங்கள் வெயிலில் அந்த ஆர்க்கிட் ஒரு வாரம் தாங்கவில்லை. வால்பாறையில் தேயிலைக்காக நூறு வருடத்துக்கு மேல் முன்னால் அழித்த காட்டின் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இருபது வருடத்துக்கும் மேலாகச் செடி செடியாக நட்டு மீட்டுக்கொண்டிருக்கிறது. நாம் ஒரு மதியத்தில் மூன்றைப் பிடுங்கிவிட்டோம்.

இந்த இடத்தில் நேராகப் பேச என்னை அனுமதிக்க வேண்டும். பாக்கெட்டை நீட்டிய கை மாணவனுடையது அல்ல. வீடியோ எடுத்ததும் மாணவன் அல்ல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு வந்த பெரியவர்கள். சிங்கவால் குரங்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. வனத்துறை அன்றைக்கே நம் பஸ்ஸை நிறுத்தியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவள் நான். பிள்ளைகளுக்கு ஒரு விதி, பெரியவர்களுக்கு ஒரு விதி என்று இந்தப் பள்ளியில் நடக்காது.

எனவே, இம்மாதம் 20ஆம் தேதி புறப்படும் எட்டாம் வகுப்புப் பயணத்துக்கு யாரும் பாக்கெட் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளி பொறுப்பு. வழிக்கு வேண்டுமானால் வீட்டில் செய்த முறுக்கோ பொரிவிளங்காய் உருண்டையோ டப்பாவில் கொடுத்தனுப்புங்கள், மஞ்சப்பையில் போட்டு. காட்டுப் பகுதியில் பஸ் ஜன்னல்கள் மூடியிருக்கும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காரலாம். விலங்குக்குத் தீனி கொடுப்பவர், செடி பிடுங்குபவர் யாராக இருந்தாலும், மாணவரோ துணைக்கு வந்தவரோ, மிச்சப் பயணத்துக்கு விடுதியில்தான் இருப்பார். அந்த வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். உங்கள் போனிலிருந்தும் நீக்கிவிட்டால் நன்றி உள்ளவளாக இருப்பேன். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்வதுதான் இதில் சங்கடமே.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: துணைக்கு வந்த ஐந்து பேரும் இல்லாவிட்டால் இந்தப் பயணமே நடந்திருக்காது. நாற்பது வளைவும் நின்றுகொண்டே வந்து, யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் முகம் துடைத்துவிட்ட அம்மா, இரவு இரண்டு மணிக்குச் சேலம் தாண்டி டயர் பஞ்சரானபோது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய அப்பா, இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வீடியோ போட்டவரும் மறுநாள் காலையே என் அறைக்கு வந்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பது எங்களோடு இருக்கட்டும். எட்டாம் வகுப்புப் பயணத்துக்கும் அவரையே துணைக்கு அழைத்திருக்கிறேன். ஜன்னல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது.

சம்மதப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: பஸ்ஸில் விட்டுப்போன ஒரு நீலக் குடை, இரண்டு ஸ்வெட்டர், இடது கால் செருப்பு ஒன்று அலுவலகத்தில் இருக்கின்றன. செருப்புக்குரியவர் வலது காலோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.