கடிகாரத்தை விட்டுக் காசைப் பின்தொடரச் சொல்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றறிந்து நிம்மதி. இங்கேயும் நலம், குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை.

எம்.பி.ஏ. பிள்ளைகளை நெதர்லாந்தில் இருக்கும் இந்த ஆல்ஸ்மேர் பூ ஏலத்துக்கு ஒரு நாள் கூட்டி வருவதாக எழுதியிருந்தாய். தாஜ்மகால் ரோஜா வளர்க்கிற ஓசூரிலிருந்து வருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் பழைய படங்களில் பார்த்ததை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவார்கள். படிக்கட்டு இருக்கைகளில் வியாபாரிகள் நெருக்கியடித்து உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிற காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலோர் தங்கள் அலுவலகத்திலிருந்து கணினி வழியே வாங்குகிறார்கள். நேரில் பார்க்க இருப்பது சரக்கு நகர்கிற விதம்: மேல்நடையில் நின்றால், மின்வண்டிகள் வாளி அடுக்கிய தள்ளுவண்டிகளைச் சங்கிலியாகக் கோத்து இழுத்துப் போவது கீழே தெரியும்.

அதற்கும் விடியலிலேயே வர வேண்டும். ஏலம் காலை 6 மணிக்குத் தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கு வந்தால் காலி வண்டிகளைத்தான் எண்ணலாம். திங்கட்கிழமை சரக்கு அதிகம். வியாழக்கிழமை வேண்டாம், பார்வை நேரம் சீக்கிரம் முடிந்துவிடும். சனி, ஞாயிறு கிடையவே கிடையாது.

ஏல முறையைப் புறப்படுவதற்கு முன்பே வகுப்பில் ஒருமுறை நடத்திக் காட்டிவிடு. நம்மூரில் விலை கீழிருந்து ஏறும், இங்கே மேலிருந்து இறங்கும். ஏலக் கடிகாரத்தில், அதாவது முள்போல விலையைச் சுட்டும் வட்டப் பலகையில், ஒரு தண்டின் விலை 60 சென்ட்டில் தொடங்கி இறங்குகிறது என்று வைத்துக்கொள். 38-இல் ஒருவர் நிறுத்தி, நான்கு வாளி போதும் என்கிறார். மீதிச் சரக்குக்கு விலையைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி ஓட விடுவார்கள். முதலில் அழுத்தியவருக்குத்தான் சரக்கு. அவசரப்பட்டால் விலை கூடும், காத்திருந்தால் பூ போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஓர் அழுத்தல் என்பதால் சில விநாடியில் முடிந்துவிடுகிறது. வாடுகிற பொருளுக்கு அந்த வேகம்தான் முக்கியம். இந்த முறை பூவில் பிறந்ததும் அல்ல. 1887-இல் ப்ரூக் ஓப் லாங்கடைக் என்ற ஊரில் காய்கறி விற்கத் தொடங்கியது. குறைந்தபட்ச விலைக்கும் கீழே முள் போய்விட்டால் சரக்கு விற்கப்படாது, அழிக்கப்படும். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் 'டோர்டிராய்', அதாவது முள் தாண்டிச் சுற்றிவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளப்பார்கள். உன் பிள்ளைகளைக் காசும் தகவலும் போகிற வழியைப் பின்தொடரச் சொல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். இங்கே விலை வாங்குபவர் எல்லோர் கண்ணெதிரே நிற்கிறது. வாங்கியவரிடம் பணத்தை ஏல அமைப்பே வசூலித்து விவசாயிக்குச் செலுத்துகிறது. யார் வாங்கினார், எப்போது தருவார் என்ற கவலை அவருக்கில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரே மண்டிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் நம்மூர் விவசாயியோடு இதை ஒப்பிட்டாலே பாதி அறிக்கை தயார். இந்த ஏலத்தை நடத்தும் ராயல் ஃப்ளோராஹாலந்து விவசாயிகளின் கூட்டுறவு என்பதையும் சொல்லிவை. இன்னொன்று, விற்பனை மதிப்பில் பாதிக்கும் மேல் இப்போது கடிகாரத்தைத் தொடாமல் நேரடி ஒப்பந்தத்தில் நடக்கிறது. அப்படியானால் கடிகாரம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் போடு. ஒப்பந்த விலை பேசவும் ஓர் அளவுகோல் வேண்டுமே!

வாங்குபவர் பூவைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சரக்கோடு வரும் மின்னணுப் படிவத்தையும் படத்தையும் நம்பித்தான் வாங்குகிறார். தண்டின் நீளம், மொட்டின் விரிவு, தரம், வாளிக்கு எத்தனை தண்டு, எல்லாம் அதில் இருக்கும். பதிவு ஒன்று, பூ வேறொன்று என்றால் தர ஆய்வாளர் குறிப்பு எழுதுவார், விலை விழும். கென்யா, எத்தியோப்பியா ரோஜா தண்ணீரின்றிப் பெட்டியில் விமானமேறி, இங்கே வந்துதான் வெட்டப்பட்டு வாளியில் நிற்கும். வழியில் குளிர் விட்டுப்போனால் இதழில் நீர் கோத்து, போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை வந்துவிடும். ஆளுக்கு ஒரு ரோஜா ரகம் கொடுத்து, இருபது சரக்குக்கு நீளமும் விலையும் குறிக்கச் சொல். 10 செ.மீ. கூடினால் விலை எவ்வளவு ஏறுகிறது என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

பேருந்துக்குச் சீட்டு வாங்க வேண்டாம், ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கி அட்டையைக் காட்டினால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுச் செலுத்தும் வசதியும் வங்கிச் செயலியில் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஊரிலேயே திறந்துவிடச் சொல். இறங்கும்போது காட்ட மறந்தால் கட்டணம் கூடப் பிடிப்பார்கள். இங்கே வரத் தேவைப்படும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

மதியச் சாப்பாடு இங்கே ரொட்டியும் சீஸும்தான், சூடாக எதுவும் இருக்காது. புளிச்சாதம் கட்டிக்கொள்ளலாம். எனக்குப் பிரியம் என்று பால்கோவாவும் கறிவேப்பிலையும் மூட்டை கட்டிவிடாதே. பால் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லை, இலைதழைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். முறுக்கு கொண்டு வா, வெண்ணெய் போடாததாக.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
வேலு