சென்டிமீட்டரை மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறவியிலேயே தொடை எலும்பு குட்டையான குழந்தைக்குக் காலை நீட்டும் அறுவை சிகிச்சை நடந்தால், 'இத்தனை சென்டிமீட்டர் வளர்த்துச் சாதனை' என்றே செய்தி வருகிறது. நீட்டிய பிறகு முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்ற விவரம் அநேகமாக இருப்பதில்லை. ஐந்து சென்டிமீட்டர் கூடி, முழங்கால் மடங்காமல் விறைத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு லாபம் ஏது?

நீட்டும் முறையை 1950-களில் சைபீரியாவின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் வகுத்தார். எலும்பைக் குறுக்கே வெட்டி, வெளியே கம்பிக் கூண்டு மாட்டி, 5 முதல் 7 நாள் சும்மா விடுவார்கள். பிறகு கூண்டின் நட்டைத் திருகி, வெட்டிய இடைவெளியை நாளுக்கு 1 மி.மீ. விலக்குவார்கள்; அந்த இடைவெளியில் புது எலும்பு ஊறும். அதையும் ஒரே மூச்சில் அல்ல; கால்வாசிச் சுற்று வீதம் நான்கு வேளை, வேளைக்கு 0.25 மி.மீ. வேகம் கூடினால் இடைவெளியில் எலும்பு சரியாக ஊறாது. மிகவும் குறைந்தால் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு, மறுபடி வெட்ட நேரும். திருகுவது பெற்றோர்தான். காலையில் அப்பா திருகியது தெரியாமல் அம்மாவும் திருகிவிடுவது, எதிர்ப்பக்கம் திருகிவிடுவது இரண்டும் நடக்கக்கூடியவை. நட்டுக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஒட்டி, ஒவ்வொரு வேளையும் நோட்டில் குறித்துவிட்டால் குழப்பமில்லை.

எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது, சிக்கல் அங்கேதான். இந்தக் குழந்தைகளில் பலருக்கு முழங்காலுக்குள் இருக்கவேண்டிய சிலுவைத் தசைநார் (மூட்டு நழுவாமல் பிடிக்கும் நார்) இல்லை, அல்லது மெலிந்திருக்கும். தொடை நீள நீள, பின்தொடைத் தசை விறைத்து, கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்கு இழுக்கும். மூட்டு மெல்ல நழுவும். அதனால்தான் கூண்டை முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால்வரை கொண்டுபோய், நடுவில் கீல் வைக்கிறார்கள். கூண்டு தொடையோடு நின்றால், முழங்காலுக்கு என்ன காப்பு என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இடுப்புக் குழி ஆழமில்லாத குழந்தைக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அவசரப்பட்டுத் தொடையை நீட்டினால் இடுப்பு மூட்டும் விலகும்.

பிசியோதெரபி தினமும் வேண்டும். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெதுவாக மடக்க வேண்டும். இரவில் முழங்காலை நீட்டி வைக்க வேண்டும். மடங்குவது 40, 45 டிகிரிக்குக் கீழே போனால் திருகும் வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தியே விடலாம். நினைத்த நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் செருப்பில் அட்டை வைத்துக்கொள்ளலாம். விறைத்த முழங்காலுக்கு அப்படி ஓர் அட்டை இல்லை.

'மே மாத லீவில் முடிந்துவிடுமா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியாது. 5 செ.மீ. என்றால் திருகவே 50 நாள். ஊறிய எலும்பு கெட்டிப்படும்வரை சேர்த்துக் கூண்டு ஐந்தாறு மாதம் காலில் இருக்கும். கால்சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து வெல்க்ரோ வைக்க வேண்டும். தரையில் சம்மணமிட முடியாது, நாற்காலிக் கழிப்பறை வேண்டும். கம்பி நுழையும் இடத்தில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவவே கூடாது. மருத்துவமனை சொன்ன திரவத்தில் நனைத்த காஸ் துணியால் துடைத்தால் போதும். அங்கே சிவந்து, வலி கூடி, சீழ் வந்தால் அன்றே காட்டுங்கள்.

ஒருமுறை சமமாக்கிவிட்டால் தீர்ந்தது என்பதும் தப்புக் கணக்கு. ஆண் குழந்தைக்கு ஏறத்தாழ 4 வயதிலும் பெண் குழந்தைக்கு 3 வயதிலும், கால் அதன் முழு நீளத்தில் பாதியை எட்டிவிடும். பிறவிக் குறைவோ வளர்ச்சியோடு அதே விகிதத்தில் கூடும். 4 வயதுப் பையனுக்கு 5 செ.மீ. குறைவு என்றால் வளர்ந்து முடிக்கையில் 10 செ.மீ. இப்போது 5 நீட்டினாலும் மிச்சம் 5 பின்னால் வரும். அதற்கு இன்னொரு நீட்டல், அல்லது பதின்வயதில் நீண்ட காலின் வளர்ச்சியைத் தடுக்கும் சிறு அறுவை. கூண்டுக்குப் பதிலாக எலும்புக்குள்ளே வைத்து நீட்டும் காந்த மோட்டார் ஆணி, எலும்பின் உள்குழாய் அகலமான பெரிய பிள்ளைகளுக்கே ஆகும்.

கூண்டைக் கழற்றிய முதல் சில மாதங்களில் புது எலும்பு முறியும் ஆபத்து அதிகம். கழற்றும்போதே உள்ளே மெல்லிய கம்பி செலுத்திவிடுவது இதற்காகத்தான். 'கூண்டு போச்சு' என்று குழந்தையை ஓடவிடாதீர்கள்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், முழங்கால் முன்பு எத்தனை டிகிரி மடங்கியது, கூண்டு கழற்றி ஓராண்டுக்குப் பிறகு எத்தனை என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் எலும்பியல் பிரிவு பிசியோதெரபிஸ்ட்டுகள் இருவர், மதுரை