கண்ணுக்குள் ஒரு சிறுமி

அன்பு மகளுக்கு,

உடற்கூறியலில் வரும் இலத்தீன் பெயர்களைப் பொருள் தெரியாமலே உருப்போடுவதாக நேற்றுத் தொலைபேசியில் வருந்தினாய். இளமையில் குருமடத்தில் நான் கற்ற இலத்தீன் உனக்கு உதவுமென்றால் அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.

அவற்றில் பல குறுமைப் பெயர்கள். பெயர்ச்சொல்லோடு 'உலுஸ்', 'குலுஸ்', 'எல்லுஸ்' போன்ற விகுதியைச் சேர்த்தால் 'சிறியது' என்னும் பொருள் வரும். விகுதியின் ஈறு மூலச்சொல்லின் பாலுக்கேற்ப மாறும். 'மூஸ்' எலி, 'மூஸ்குலுஸ்' சிற்றெலி. முழங்கையை மடக்கிப் பார். மேற்கையின் தோலுக்கடியில் ஏதோ ஓடித் திரள்வது போலிருக்கும். அதனால்தான் தசைக்கு அந்தப் பெயர். 'கிளாவிஸ்' சாவி, 'கிளாவிக்குலா' சிறு சாவி. அது உன் காறையெலும்பு.

எனக்கு மிகவும் பிடித்தது கண்மணியின் பெயரான 'பூப்பில்லா'. சிறுமியையும் பொம்மையையும் குறிக்கும் 'பூப்பா'வின் குறுமை வடிவம் அது. ஒருவர் கண்ணை நெருங்கி உற்றுப் பார்த்தால், கருமணியின் நடுவே நம் உருவமே சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரியும். தமிழிலும் பெண்ணுக்கும் பொம்மைக்கும் உரிய 'பாவை' என்ற சொல்லே கண்மணிக்கும் வழங்குகிறது. 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்' என்ற குறளில், தன் காதலிக்கு இடம் வேண்டுமென்று காதலன் அந்தப் பாவையைத்தான் போகச் சொல்கிறான்.

இந்த விகுதி அளவை மட்டுமல்ல, அன்பையும் சொல்லும் என்பதைப் பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களில்தான் உணர்ந்தேன். கி.மு. 67இல் நண்பர் அட்டிக்குசுக்கு எழுதும்போது, அவர் தருவதாகச் சொன்ன பரிசைக் கேட்டுத் தம் மகள் துல்லியா நச்சரிப்பதைச் சொல்லும் ஒரே வரியில், 'துல்லியோலா' என்றும், செல்லம் என்னும் பொருளில் 'தெலிக்கியோலே' என்றும், சிறு பரிசு என்னும் பொருளில் 'மூனுஸ்குலும்' என்றும் மூன்று குறுமைச் சொற்களைத் தொடுத்துவிடுகிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, நாடு கடத்தப்பட்டுக் கிரேக்க நகரமான தெசலோனிக்காவிலிருந்து அவர் வீட்டுக்கு எழுதியபோது அவளுக்கு மணமாகியிருந்தது. ஆயினும் கடிதத்தின் முகப்பில் அவள் 'துல்லியோலா'தான். ஆகவே, நீ மருத்துவரான பிறகும் வீட்டில் உன்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

'அவ்ரிஸ்' என்றால் காது, 'வெந்தெர்' என்றால் வயிறு. இதயத்தில் இவற்றின் குறுமைப் பெயர்கள் எங்கே வருகின்றன என்று நீயே கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
அப்பா