பீலிக்கான் போய்த் திரும்பும்போது உதவிய அண்ணனுக்கு
போன ஞாயிறு மியான்மரின் பீலிக்கான் கோயிலில் அங்காளம்மனைக் கும்பிட்டு யாங்கோன் திரும்புகையில், ஆற்றுக்கு இக்கரையிலுள்ள தன்லின் ஊர் டீக்கடை வாசலில் என் பழைய டொயோட்டா வேனைப் பழுது பார்த்துக் கொடுத்த கைலி கட்டிய அண்ணனுக்கு நன்றி.

பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரியும். இரண்டு பல்பு மாற்றியிருந்தேன், தண்டம்! "பல்பைத் திட்டாதீங்க தம்பி, எர்த்தைப் பாருங்க" என்றார். எர்த் என்றால் கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு. துண்டு வயரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரிலும் மறுமுனையை வண்டியின் வெற்று இரும்பிலும் வைத்தார். பளிச்! எர்த் ஸ்க்ரூவடியில் துரு. திரும்ப வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாக ஓடியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார், அவ்வளவுதான். டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை. பெயர் கேட்க எனக்குத்தான் புத்தியில்லை. இருட்டில் ஆற்றுப் பாலத்தைத் தைரியமாகக் கடந்தோம், அண்ணே.